காற்று, இடி, மழைக்கான துஆக்கள்: கேள்வி பதில்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். பலத்த காற்று வீசும்போது ஓத ஆதாரமுள்ள துஆ (பிரார்த்தனை) எது?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். ஆயிஷா (ரலி) அறிவித்து 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் நூலில் வரும் துஆ: "அல்லாஹும்ம இன்னீ அஸ்அலுக கைரஹா, வகைர மா ஃபீஹா, வகைர மா உர்ஸிலத் பிஹி. வஅஊது பிக மின் ஷர்ரிஹா, வஷர்ரி மா ஃபீஹா, வஷர்ரி மா உர்ஸிலத் பிஹி."

காற்றின் நன்மை, அதிலுள்ள நன்மை, அது எதைக் கொண்டு அனுப்பப்பட்டதோ அதன் நன்மை. பிறகு இதே மூன்றின் தீங்கை விட்டும் பாதுகாப்பு. இந்த வரிசை மனதில் நின்றால் மறக்காது. ஓதும் வேகத்தில் 'பிஹி'யைப் பலர் 'பிஹா' ஆக்கிவிடுகிறார்கள், கவனியுங்கள். பயத்தில் முதல் பாதியை விட்டுவிடாதீர்கள். காற்றை ஏசாதீர்கள் என்று வரும் அபூதாவூத் ஹதீஸும் நன்மையைக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் தீங்கைச் சொல்கிறது.

கேள்வி: எத்தனை தடவை ஓத வேண்டும்?

பதில்: எண்ணிக்கை வரவில்லை. காற்று அடங்கும்வரை ஓதலாம்.

கேள்வி: ஹைளு (மாதவிடாய்) நேரத்தில் ஓதலாமா?

பதில்: தாராளமாக. துஆவுக்கு உளூவும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் சுத்தம்) நிபந்தனை இல்லை.

கேள்வி: அந்த துஆ எனக்கு மனப்பாடம் இல்லையே?

பதில்: குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்களான ஃபலக், நாஸ் சூராக்களை ஓதுங்கள். ஜுஹ்ஃபா, அப்வா என்ற ஊர்களுக்கு இடையே காற்றும் காரிருளும் சூழ்ந்தபோது நபி (ஸல்) இவற்றைத்தான் ஓதினார்கள் என்று உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். தமிழிலும் கேளுங்கள்.

கேள்வி: இடிக்கு? மழை அளவுமீறினால்?

பதில்: இடிக்கு "சுப்ஹானல்லதீ யுஸப்பிஹுர் ரஃது பிஹம்திஹி வல்மலாஇகது மின் கீஃபதிஹி". இது நபித்தோழர் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களின் வழக்கம், முவத்தா என்ற ஹதீஸ் நூலில் உள்ளது. வாசகம் குர்ஆன் 13:13. மழை மிஞ்சினால் "அல்லாஹும்ம ஹவாலைனா வலா அலைனா", அதாவது இறைவா, எங்களைச் சுற்றிப் பொழியட்டும், எங்கள்மேல் வேண்டாம் (புகாரி ஹதீஸ் நூல்).

கேள்வி: புயலுக்குப் பயந்து ஜமாஅத்தை (பள்ளியில் கூட்டாகத் தொழுவதை) விடுவது ஈமான் குறைவுதானே?

பதில்: இல்லவே இல்லை. மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், 'அஷ்ஹது அன்ன முஹம்மதர் ரசூலுல்லாஹ்' சொன்னபின் 'ஹய்ய அலஸ் ஸலாஹ்' (தொழுகைக்கு வாருங்கள்) சொல்லாமல் 'ஸல்லூ ஃபீ புயூதிகும்', அதாவது வீடுகளில் தொழுங்கள் என்று அறிவிக்கும்படி பாங்கு சொல்லும் முஅத்தினிடம் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னார்கள். மக்கள் ஆச்சரியப்பட்டபோது, என்னைவிடச் சிறந்தவர் இதைச் செய்தார் என்றார்கள். அந்தச் சிறந்தவர் நபி (ஸல்). இதை ஈமான் குறைவு என்பீர்களா?

கேள்வி: அது மழைக்கும் சேற்றுக்கும் ஹஜ்ரத். வெறும் காற்றுக்கு எப்படி ஆதாரமாகும்?

பதில்: நியாயமான கேள்வி. குளிரும் காற்றும் அடித்த இரவில் இப்னு உமர் (ரலி) பாங்கு சொல்லி, இறுதியில் 'அலா ஸல்லூ ஃபிர் ரிஹால்', அதாவது தங்குமிடங்களிலேயே தொழுங்கள் என்று சேர்த்தது புகாரியில் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப்பள்ளியில்) இரவின் கடுங்காற்று ஜமாஅத்தை விட உத்ர், அதாவது ஏற்கத்தக்க காரணம். பகலில் தகடு பறந்து மரம் முறிகிறதென்றால் உயிர்ப்பயமே உத்ர். உயிரைப் பணயம் வைத்துப் பள்ளிக்கு வரச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் மஃரிபோடு இஷாவை ஜம்உ செய்யலாமா (இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழலாமா)?

பதில்: காற்றுக்காக மட்டும் ஷாஃபிஈயிலும் இல்லை, மழைக்குத்தான் உண்டு, அதுவும் நிபந்தனைகளோடு. ஹனஃபி மத்ஹபில் காற்று, மழை இரண்டுக்குமே இல்லை.

கேள்வி: குறிப்பிட்ட எண்ணிக்கை ஓதி ஊதினால் புயல் திசைமாறும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பதில்: எண்ணிக்கை பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். ஆதாரமில்லாததை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: மொட்டைமாடியில் நின்று பாங்கு சொல்லலாமா?

பதில்: புயலுக்காகப் பாங்கு சொல்ல ஸஹீஹான (ஆதாரப்பூர்வமான) ஹதீஸ் இல்லை. அந்தக் காற்றில் மாடிக்கு ஏறவே ஏறாதீர்கள். ஜன்னலை விட்டுத் தள்ளி, வீட்டுக்குள் உட்கார்ந்து ஓதுங்கள்.