கண்ணுக்குப் பிடித்த வீணை, கைக்கு வந்த பிறகு

ஓர் இசைக்கருவியின் அழகைக் கண்டே அதன் மீது காதல் கொண்டவர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படித்தான் வீணையிடம் வந்து சேர்ந்தேன். அதன் நாதத்தைக் கவனித்துக் கேட்பதற்கு முன்பே அதன் உருவம் என்னைப் பிடித்துக்கொண்டது.

இசை ஆசிரியர் ஒருவரின் வீட்டில் பாய் விரித்து வைத்திருந்த தஞ்சாவூர் வீணை அது. குடம் முதல் நீண்ட கழுத்தான தண்டி வரை ஒரே பலாமரத்தில் குடைந்தெடுத்த ஏகாண்டம். குடத்தின் வயிற்றில் கீற்றுக் கீற்றாய்ச் செதுக்கிய வரிகளும், தண்டியின் முனையில் தலை கவிழ்ந்திருந்த யாளி முகமும், தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்க உதவும், வரிசையாக மின்னிய 24 பித்தளை மெட்டுகளும் என் கண்ணை விட்டு அகலவில்லை. மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்ட இவ்வடிவம், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானது என்பார்கள்.

கற்கத் தொடங்கிய பிறகுதான், அழகு என்று நான் நினைத்தவற்றுள் பல உழைக்கும் உறுப்புகள் என்பது புரிந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேலுள்ள உலோகத் தகடு இலேசாக வளைந்திருக்கும். அதிரும் தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதால்தான் வீணைக்கே உரிய அந்தச் செழுமையான நாதம் எழுகிறது. சர் சி. வி. ராமன் 1921இல் வீணை, தம்புரா ஆகியவற்றின் இந்தக் குதிரையை ஆராய்ந்து, வழக்கமான விதிப்படி ஒலிக்கக் கூடாத மேற்சுரங்களும் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் நுண்ணிய ஒலிகள்) இவற்றில் ஒலிப்பதை எழுதியிருக்கிறார். இடப்பக்கத்துச் சுரைக்குடுக்கையோ பெரும்பாலும் தொடையின் மேல் வீணையை நிறுத்திக்கொள்ளத்தான் உதவுகிறது, ஆனாலும் அது இல்லாத வீணையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதல் நாள் எனக்குச் சற்றும் பிடிக்காதது, மெட்டுகளுக்கு அடியில் இருந்த கறுப்பு மெழுகு. இன்று எனக்கு மிக நெருக்கமானது அதுவே. வெப்பத்தில் மெழுகு இளகி மெட்டுகள் சற்றே இடம் பெயர்ந்துவிட்டால், எத்தனை கவனமாகத் தந்தியை இழுத்து வாசித்தாலும் கமகம் என்னும் சுர அசைவு உரிய சுரத்தில் போய் நிற்காது. அப்படி ஒரு கோடையில் என் வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கு ஏற்ற இடத்தில் மெழுகில் பதிக்க, வந்த பெரியவர், கருவி எதையும் நம்பாமல் காதை மட்டுமே நம்பி, ஒவ்வொரு மெட்டையும் மயிரிழை அளவு நகர்த்துவதும் முதன்மைத் தந்தியான சாரணியை மீட்டிக் கேட்பதும் மறுபடி நகர்த்துவதுமாக ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். ஏழாவது மெட்டில் எழுந்த பஞ்சமம் என்னும் ‘ப’ சுரம், பக்கத்துப் பஞ்சமத் தந்தியோடு இழைந்து ஒன்றானபோது, "ம், வந்துவிட்டது" என்று சொல்லி மெழுகைக் கட்டைவிரலால் அழுத்தினார். அந்த விரல் தடம் இன்னும் அங்கே இருக்கிறது. வாசிக்க அமரும்போதெல்லாம் என் கண் முதலில் அதைத்தான் தேடுகிறது.