உயிரியல் படித்தால் டீச்சர் வேலை மட்டும்தானா?

கேள்வி: மருத்துவத்தில் இடம் கிடைக்காமல் உயிர் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு. டீச்சர் வேலையை விட்டால் வேறு வழியில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. மருந்துத் தரக்கட்டுப்பாடு, உணவுப் பரிசோதனை, தடுப்பூசித் தயாரிப்பு, மருந்துச் சோதனைகளின் தரவு மேலாண்மை, காப்புரிமை, வனவிலங்குக் கணக்கெடுப்பு என வழிகள் நிறைய. நோயாளிகளின் ரத்த மாதிரியைச் சோதிக்கும் ஆய்வகங்களில் வேலை பார்க்க மட்டும் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். அதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

ஆனால் வெறும் பட்டத்தைப் பார்த்து யாரும் வேலை தரமாட்டார்கள். டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை தெரியும் என்றால், 95 டிகிரியில் டி.என்.ஏ. இழைகள் பிரியும், 72-ல் நீளும் என்று ஒப்பித்தால் போதாது. பெருகிய டி.என்.ஏ.வை ஜெல்லில் ஓட்டினால் பட்டையாகத் தெரிய வேண்டும். "ஜெல்லில் பட்டையே வரவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். முதலில் கன்ட்ரோல்களை, அதாவது ஒப்பிடுவதற்காகக் கூடவே ஓட்டும் குழாய்களைப் பார்க்க வேண்டும். நிச்சயம் வேலை செய்யும் டி.என்.ஏ. போட்ட குழாயில் பட்டை இருந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் மாதிரியில்தான். பிரித்தெடுக்கும்போது தங்கிய ஃபீனாலோ எத்தனாலோ நொதியைத் தடுத்திருக்கலாம். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். நிச்சயம் வேலை செய்ய வேண்டிய அந்தக் குழாயிலேயே பட்டை இல்லையென்றால் கலவையையும் இயந்திரத்தில் கொடுத்த வெப்பநிலைகளையும் சரிபாருங்கள். டி.என்.ஏ.வே போடாத, தண்ணீர்க் குழாயில் பட்டை வந்தால் எங்கோ கலப்படம். அந்த ஓட்டத்தையே நம்பக்கூடாது.

மிகச் சிறிய அளவு திரவத்தை எடுக்கும் மைக்ரோபிப்பெட்டில் உறிஞ்சும்போது அதன் பொத்தானை இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்துவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அளவு கூடிவிடும். துல்லியத் தராசில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 0.1 கிராமை ஒட்டி வர வேண்டும்.

புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே செடியிலிருந்து மூன்று இலைகளை அளந்துவிட்டு "மூன்று மாதிரி" என்று எழுதுகிறார்கள். அது ஒரு மாதிரிதான். மூன்று செடிகள் வேண்டும். கூடவே ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றால், ஆய்வக மேசையே பிடிக்காவிட்டாலும் உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் உயிர்த்தகவலியல் பக்கம் போகலாம்.

விடுமுறைக்கு ஓர் ஆய்வகத்தில் இடம் கேளுங்கள். மின்னஞ்சலில் ஐந்தாறு வரி போதும்: அவர்களுடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், எந்த வாரங்களில் வர முடியும். "எந்த வேலையானாலும் சரி" என்ற கடிதத்துக்குப் பதில் வருவது அபூர்வம்.

முனைவர் பட்டம் பெரும்பாலும் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் கேட்கும். அதை முடிவு செய்ய அந்த விடுமுறை முடியட்டும்.