மின்பாதைக்கு அடியில் சில உயிர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் திட்டமிடப்பட்ட ஓர் உயரழுத்த மின்பாதைக்கும் அங்குள்ள ‘அமெரிக்கப் புதைவண்டு’ என்ற அரிய வண்டுக்கும் இடையே எழுந்த சிக்கலைப் பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒரு வண்டுக்காக இத்தனை நீளமான மின்பாதையைத் தடுத்து நிறுத்துவது நியாயமா? மனிதர்களுக்கு மின்சாரம் முக்கியமில்லையா?

பதில்: மின்சாரம் முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மருத்துவமனைக் கருவிகளும் குடிநீர் ஏற்றும் மோட்டார்களும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் ‘ஒரு வண்டுக்காக’ என்று கேள்வியைத் தொடங்கும்போதே பாதி விவரம் விடுபட்டுப்போகிறது. நெப்ராஸ்காவின் பொது மின்வாரியம் திட்டமிட்டது ஏறத்தாழ 360 கிலோமீட்டர் நீளமுள்ள 345 கிலோவோல்ட் மின்பாதை. சதர்லாந்து ஊருக்கு அருகிலுள்ள அனல்மின் நிலையத்திலிருந்து வடக்கே தெட்ஃபர்ட் வரை சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பும் இந்தப் பாதை, ‘சாண்ட்ஹில்ஸ்’ எனப்படும் மணற்குன்றுப் புல்வெளியைக் கடக்கிறது. சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அந்த நிலத்தில் மணலைப் பிடித்து நிறுத்தியிருப்பவை புல்வேர்களே. ஒரு கனரக வாகனத்தின் சக்கரம் புல்லைக் கிழித்துவிட்டால், காற்று அந்தக் கீறலைப் பெரிதாக்கிக் குழியாகவே பறித்துவிடும். கட்டுமானத்தின்போது வண்டுக்கு நேரும் பாதிப்புக்காக 2019-இல் மத்திய அரசின் மீன் மற்றும் வனவுயிர்த் துறை கொடுத்த அனுமதியை 2020-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தபோதும் வண்டு மட்டுமே காரணமாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தவர்களின் வண்டித் தடங்கள் இன்னும் பதிந்திருக்கும் ஓர் இடம் இந்தப் பாதையில் இருந்தது. இந்த மின்பாதையை நம்பிக் காற்றாலைகளும் வரவிருந்தன. இவை இரண்டும் போதிய அளவு ஆராயப்படவில்லை என்பதும் தீர்ப்பில் சேர்ந்திருந்தது.

வண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கப் புதைவண்டு மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பளபளக்கும் கறுப்பு உடலில் ஆரஞ்சுச் சிவப்புத் திட்டுகளும், தலைக்குப் பின்னால் அதே நிறத்தில் ஒரு கேடயமும் உண்டு. இரவில், செத்துக் கிடக்கும் புறாவையோ காடையையோ வாசனை பிடித்து வந்து, ஆணும் பெண்ணுமாக அதன் அடியில் புகுந்து, மல்லாந்து படுத்து, கால்களால் உந்தி உந்தி மண் இளகிய இடத்துக்கு நகர்த்திப் புதைத்துவிடும். பிறகு இறகுகளைக் களைந்து, உடலை ஓர் உருண்டையாக்கி, விரைவில் அழுகிப்போகாதிருக்கத் தம் உடற்சுரப்பைப் பூசி, அருகிலேயே முட்டையிடும். பொரித்து வரும் புழுக்களைத் தாயும் தந்தையும் கிறீச்சென்ற ஒலியெழுப்பி அழைத்து, தாம் உண்டதைக் கக்கி ஊட்டுகின்றன. பூச்சிகளின் உலகில் தந்தையும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது மிக அரிது. ஒரு காலத்தில் 35 மாநிலங்களில் காணப்பட்ட இந்த வண்டு, 1989-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டபோது, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிளாக் தீவிலும் ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதியிலும் மட்டுமே எஞ்சியிருப்பதாக அறியப்பட்டிருந்தது. பின்னர் நெப்ராஸ்கா உள்ளிட்ட இடங்களிலும் கண்டறியப்பட்டதால், 2020-இல் ‘அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்’ என்று ஒரு படி தளர்த்தி வகைப்படுத்தினார்கள். சாண்ட்ஹில்ஸ் இன்று அதன் பெரிய புகலிடங்களில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் கோபுரம் எந்த மாதத்தில், எந்த மண்ணில், எந்த இயந்திரத்தால் நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே நியாயம் எது என்ற என் பதிலும் மாறும்.

கேள்வி: வண்டுகளைப் பிடித்து வேறிடத்தில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் என்ன?

பதில்: ஓக்லஹோமாவில் அதைச் செய்து பார்த்துப் பிறகு கைவிட்டார்கள். மண்ணில் ஒரு வாளியைப் பதித்து, அழுகிய இறைச்சியை இரையாக வைத்தால் வண்டு வந்து விழும். பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. பிடித்ததை விடும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே ஏற்கெனவே வாழும் வண்டுகளுக்கே உரிய அளவில் செத்த பறவை கிடைப்பது அரிது. புதிதாக வந்தவை அதற்கும் போட்டிக்கு நிற்கின்றன. ஓர் இரவில் சில கிலோமீட்டர் பறக்கக்கூடிய வண்டு, விட்ட இடத்திலேயே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. பிராவிடன்ஸ் நகர விலங்குக் காட்சிசாலையில் வளர்த்த வண்டுகளை 1994 முதல் நான்டக்கெட் தீவில் விட்டபோது, அவை இனம்பெருக்க மனிதர்களே காடை உடல்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் குறிப்பிட வேண்டும். ‘குளிர்காலத்தில் வண்டு வெளியே வராது, அப்போது கட்டிவிடலாம்’ என்று பலர் சொல்கிறார்கள். இரவு வெப்பநிலை 15 டிகிரிக்கு மேல் இருக்கும் மாதங்களில்தான் இந்த வண்டு நடமாடும் என்பது உண்மைதான். உறைந்த நிலம் வாகனங்களின் எடையைத் தாங்கும் என்பதால் புல்லும் மண்ணும் குறைவாகவே சேதமடையும் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் வண்டு அதே மண்ணுக்குள் அசையாமல் கிடக்கிறது. வாகனம் போவதற்கு ஏற்ற பருவம், குழி தோண்டுவதற்கும் ஏற்ற பருவமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகத் திட்டமிடாத எந்தக் கால அட்டவணையையும் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: சட்டம் இதற்கு என்ன வழி காட்டுகிறது?

பதில்: அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டு அழிநிலை உயிரினச் சட்டம் பூச்சிகளையும் காக்கிறது; பெரும் தீங்கு விளைவிக்கும் பூச்சி என்று அரசு முடிவு செய்தவை மட்டுமே விலக்கு. 1982-இல் செய்த திருத்தத்தின்படி, வேறு நோக்கத்துக்கான பணியின்போது தற்செயலாக நேரும் பாதிப்புக்கு அனுமதி பெறலாம். அதற்கு, பாதிப்பை எப்படிக் குறைப்பார்கள், எதைக் கொண்டு ஈடுசெய்வார்கள், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று காட்டும் வாழிடப் பாதுகாப்புத் திட்டத்தை முன்வைக்க வேண்டும். அப்படிப்பட்ட முதல் திட்டமே ஒரு பட்டாம்பூச்சியை முன்னிட்டு எழுந்தது என்பது பலருக்குத் தெரியாது: கலிஃபோர்னியாவின் சான் புரூனோ மலையில் வாழும் மிஷன் நீலப் பட்டாம்பூச்சிக்காக, 1983-இல்.

கேள்வி: காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவரத்தான் புதிய மின்பாதைகள் தேவைப்படுகின்றன. புவி வெப்பமானால் பூச்சிகளும்தானே அழியும்? அப்படியிருக்க, பூச்சியின் பேரால் தடுப்பது முரண் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி, எனக்கே பல நாள் தெளிவு கிடைக்காத கேள்வியும்கூட. புதைவண்டை 2020-இல் மறுவகைப்படுத்தியபோது, தெற்குச் சமவெளியில் வாழும் வண்டுகளுக்கு வெப்ப உயர்வே பெரிய ஆபத்து என்று அந்த அறிவிப்பு கூறியது. அப்படியானால் தூய மின்சாரம் அந்த வண்டுக்கும் வேண்டியதுதான். ஆனால் தெற்கில் வெப்பம் கூடக் கூட, வடக்கே உள்ள சாண்ட்ஹில்ஸ் போன்ற இடங்களின் மதிப்பு உயர்கிறது. அந்தப் புகலிடத்தைச் சிதைத்து அந்த வண்டைக் காப்பாற்ற முடியாது. இதற்குப் பொறியாளர்களிடம் வழி இல்லாமலும் இல்லை. நெப்ராஸ்காத் திட்டத்திலேயே, வாகனம் நுழையக் கடினமான மணற்குன்றுகளில் பெரிய குழி தோண்டிக் கான்கிரீட் இடுவதற்குப் பதிலாக, திருகாணி போல மண்ணுக்குள் சுழன்று இறங்கும் எஃகுத் தூண்களின் மேல் கோபுரத்தை நிறுத்தவும், ஹெலிகாப்டரைப் பயன்படுத்தவும் திட்டமிட்டிருந்தார்கள். செலவு கூடும், அந்தக் கூடுதல் செலவு மின்பாதையின் விலையில் ஒரு பகுதி என்பதே என் எண்ணம்.

கேள்வி: மின்பாதையால் எப்போதும் கேடுதானா? நன்மை விளைந்த எடுத்துக்காட்டு ஏதும் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஏரிகளை ஒட்டிய மாநிலங்களிலும் வாழும் கார்னர் நீலம் என்ற பட்டாம்பூச்சி 1992-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இறக்கை விரித்தாலும் இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதன் புழு காட்டு லூபின் என்ற ஒரே செடியின் இலையை மட்டுமே தின்னும். லூபினுக்கோ வெயில் வேண்டும். முற்காலத்தில் அவ்வப்போது பரவிய காட்டுத்தீ மரங்களை அடர விடாமல் வைத்திருந்தது. தீயை மனிதர்கள் அடக்கிய பிறகு மரங்கள் மூடிக்கொண்டன, லூபின் நிழலில் மங்கிப்போனது. அந்த நிலையில், கம்பிகளைத் தொடாதபடி மரங்களை வெட்டி வெட்டித் திறந்தே வைக்கப்பட்ட மின்தட வெளிகளில் லூபின் பிழைத்தது, அதோடு பட்டாம்பூச்சியும் பிழைத்தது. விஸ்கான்சின் மாநிலம் 1999-இல் மாநிலம் முழுமைக்குமான ஒரு பாதுகாப்புத் திட்டத்துக்கு அனுமதி பெற்றபோது, மின் நிறுவனங்களும் அதில் பங்காளிகளாகச் சேர்ந்தன.

ஆனால் வெட்டவெளி இருந்தால் மட்டும் போதாது. கார்னர் நீலத்துக்கு ஆண்டில் இரண்டு தலைமுறை. ஏப்ரலில் பொரிக்கும் புழு மே இறுதியிலும் ஜூனிலும் சிறகு முளைத்துப் பறக்கும். அவை இடும் முட்டைகளிலிருந்து வரும் தலைமுறை ஜூலை, ஆகஸ்டில் பறக்கும். அப்போது இடும் முட்டைகள் செடியின் அடியில் பனிக்குக் கீழே குளிர்காலத்தைக் கழிக்கும். ஜூன் மாதத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினால் ஒரு தலைமுறையே போய்விடும். இலையுதிர் காலத்தில், வெட்டும் அலகை உயர்த்தி வைத்து, முழுத் தடத்தையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டினால் முட்டைகள் தப்பும். களைக்கொல்லியைப் பரவலாகத் தெளிக்காமல், வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் மட்டும் பூசினால் லூபின் தப்பும். புழு இருக்கிறதா என்று அறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அது இலையின் ஒரு பக்கத் தோலை மட்டும் விட்டுவைத்து உட்சதையைச் சுரண்டித் தின்பதால், இலையில் கண்ணாடிச் சன்னல் போன்ற சிறு சிறு திட்டுகள் தெரியும். குனிந்து பார்க்கப் பழகிய ஒரு பணியாளர் சில நிமிடங்களில் கண்டுகொள்வார். அப்படிக் குனிந்து பார்க்கும் வழக்கம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதையே நான் வற்புறுத்துகிறேன். கோபுரம் கட்டும் காலம் இரண்டு மூன்று ஆண்டுகள். அதன் அடியில் புல் வெட்டும் காலமோ பல பத்தாண்டுகள்.

கவனிப்பு இல்லாத இடத்தின் கதையும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மென்டசீனோ பகுதியில், மின்பாதை கடந்துபோகும் ஒரு சதுப்பு நிலமே லோட்டிஸ் நீலம் என்ற பட்டாம்பூச்சிக்குக் கடைசியாக அறியப்பட்ட இருப்பிடம். 1976-லேயே சட்டப் பாதுகாப்புப் பெற்றும், 1983-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்ட் நகரிலும் முதலில் அதே முடிவுதான் வந்தது, ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அங்கே விமான நிலையத்தையும் மின்தடத்தையும் ஒட்டிய பைன் வெளியில் எஞ்சியிருந்த கார்னர் நீலம் 2000-இல் அற்றுப்போனது. அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலத்திலிருந்து கொண்டுவந்தவற்றை வளர்த்து அங்கே விடத் தொடங்கினார்கள். அவற்றுக்கு வேண்டிய லூபின் நாற்றுகளை உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைகளில் விதைத்து வளர்த்து, வசந்தத்தில் தங்கள் கையாலேயே அந்த மணலில் நட்டார்கள்.