கிராஷ் ஃபைல்களை அழித்துவிடலாமா?

கேள்வி: சிறிய சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் புரோகிராம் கிராஷ் ஆனால், அந்த நேரத்து மெமரியை விண்டோஸின் 'புரோகிராம்டேட்டா' ஃபோல்டரில் ஃபைலாகச் சேமிக்கும். ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் வேறொருவர் அந்த ஃபைலைத் திறந்து பலருடைய விவரங்களை எடுத்துவிட்டாராம். நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்தப் பகுதியை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இந்த வாடிக்கையாளர் எங்களுக்கே பணம் பாக்கி, பலர் முன்னால் கேவலமாகவும் பேசினார். அடுத்த அப்டேட்டில் பழைய ஃபைல்களை நீக்கிவிடட்டுமா?

பதில்: நீக்காதீர்கள்.

அவர் பேசியது இந்த வழக்கில் எங்கும் வராது. வேலையை விட்டுப் போனவர் எழுதினாலும் அது உங்கள் நிறுவனம் எழுதியதுதான். கேள்வி ஒன்றே: அந்த ஃபைலை இன்னொருவரால் ஏன் திறக்க முடிந்தது? பெர்மிஷனை மாற்றாமல் புரோகிராம்டேட்டாவில் வைக்கும் ஃபைலை அந்தக் கம்ப்யூட்டரின் மற்ற யூசர்களும் படிக்கலாம். விண்டோஸிலேயே உள்ள லோக்கல் டம்ப் வசதியை இயக்கினால், அது எடுக்கும் டம்ப் (கிராஷ் நேரத்து மெமரியின் நகல்) வழக்கமாக அந்தந்த யூசரின் 'லோக்கல் ஆப்டேட்டா'வுக்குள் 'கிராஷ்டம்ப்ஸ்' ஃபோல்டருக்குப் போகிறது. மேக்கிலும் யூசரின் சொந்த லைப்ரரியில் இதற்கென்று இடம் உண்டு. பாதுகாப்பான இடம் இருந்தும் இவர்கள் பொது இடத்தில் வைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதுவும் முழு மெமரி, பாஸ்வேர்டு வரை இருக்கலாம். இதற்கு உங்களிடம் நல்ல பதில் இல்லை.

ஆனாலும் இது கவனக்குறைவு என்ற அளவில் நிற்கும். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு ஃபைலை அழித்தால் சாட்சியத்தை அழித்ததாகிவிடும். என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான், சத்தமில்லாமல் ஓர் அப்டேட் விட்டுப் பழைய டம்ப்களைத் துடைத்தார். எதிர்த்தரப்பு ஏற்கெனவே காப்பி எடுத்து வைத்திருந்தது. அப்டேட்டின் தேதி நோட்டீஸுக்கு ஐந்து நாள் பின்னால். அப்புறம் ஃபோல்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. 'ஏன் அழித்தீர்கள்?' என்ற ஒரே கேள்வியில் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

நீங்களாக அழிக்காவிட்டாலும் உங்கள் புரோகிராமே அழிக்கக்கூடும். இத்தனை ஃபைல் சேர்ந்ததும் பழையது போய்விடும் என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விண்டோஸின் லோக்கல் டம்ப் அமைப்பிலேயே வழக்கமான வரம்பு 10தான். ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லி, வாடிக்கையாளருக்கு உங்கள் வக்கீல் மூலம் எழுதுங்கள். அதன் பிறகு பெர்மிஷனை இறுக்கலாம். புதிய டம்ப் யூசரின் சொந்த ஃபோல்டருக்குப் போகும்படி இப்போதே மாற்றலாம், அதில் தவறில்லை.

இன்னொன்று, 'நாங்கள் எந்தத் தகவலையும் சேமிப்பதில்லை' என்று கோபத்தில் மெயில் போட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் எழுதினாலே அது சேமிப்புதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களின் விவரம் அதில் இருந்தால், உங்கள் வாடிக்கையாளர் விஷயம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அங்குள்ள கண்காணிப்பு அமைப்புக்குப் பொதுவாகத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்கும் தொழில்நுட்ப விவரத்தை இழுத்தடித்தால் அந்தப் பழியும் உங்கள் மேல் விழும்.

சரி, என்ன செய்வது? சமரசம் பேசுங்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரியும், எல்லாக் காப்பிகளையும் இரு தரப்பும் சேர்ந்து அழிக்கும் தேதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அவர் தர வேண்டிய பாக்கியை அந்தத் தொகையிலேயே கழித்துக்கொள்ளலாம்.