இரண்டு வருடக் கோச்சிங் ஃபீஸுக்கு நகையை மறுபடி வைக்கலாமா?

கேள்வி: என் கணவர் நூற்பாலையில் சூப்பர்வைசர், நான் வீட்டிலேயே தையல். இருவருக்கும் சேர்த்து மாதம் 47,000 ரூபாய் வருகிறது. வாடகை, மளிகை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று 36,000 போய்விடும். மகள் பத்தாம் வகுப்பில் 500க்கு 462 எடுத்து பிளஸ் ஒன்னில் கணிதம்-உயிரியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள், டாக்டர் ஆகணும் என்கிறாள். நீட் கோச்சிங்குக்கு இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஜிஎஸ்டியோடு 3,20,000 கேட்கிறார்கள், இந்த மாதமே மொத்தமாகக் கட்டினால் 2,80,000. சனி, ஞாயிறு வகுப்பு மட்டும் என்றால் வருடத்துக்கு 65,000. என்னுடைய 14 பவுன் ஏற்கெனவே ஒரு நிதி நிறுவனத்தில் அடகில் இருக்கிறது, 16 சதவீத வட்டி, கடன் 3,80,000. தங்கம் விலை ஏறியிருப்பதால் இன்னும் மூன்று லட்சம் தருகிறோம் என்று அவர்களே போன் செய்கிறார்கள். நாத்தனார் மகன் இதே மையத்தில் படித்துத்தான் எம்பிபிஎஸ் சேர்ந்தான். "நகை சும்மாதானே கிடக்கு, பொண்ணு படிப்பை விடப் பெரிசா" என்கிறார் அவர். செல்வமகள் கணக்கில் 2016 முதல் மாதம் 1,000 போட்டு வருகிறேன், அதை எடுக்கலாமா? தெரிந்த ஏஜென்ட் குழந்தைகளுக்கான யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) ஒன்று சொல்கிறார். அடகு ரசீதுகளை இணைத்திருக்கிறேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ரசீதுகளை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் நீங்கள் எழுதாத கதை அதில்தான் இருக்கிறது. 2019 ஜூனில் 90,000. 2021 ஜூனில் 1,60,000. 2023 ஜூனில் 2,40,000. 2025 ஜூனில் 3,80,000. நகை அதே 14 பவுன், மாதமும் அதே ஜூன். பள்ளி திறக்கும்போது பணம் தேவைப்படுகிறது, தங்கம் விலை ஏறியிருக்கிறது, நகையை மாற்றி வைத்துக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறீர்கள், வட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் கட்டிய வட்டியைத் தோராயமாகக் கூட்டிப் பார்த்தேன், இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, நான்கு மடங்குக்கு மேல் ஏறித்தான் இருக்கிறது.

எனவே கோச்சிங் நல்லதா, எந்த மையம் நல்லது என்பதற்குள் நான் போகப்போவதில்லை. அது உங்கள் மகளும் நீங்களும் முடிவு செய்யவேண்டியது. நான் பேசவேண்டியது இந்த மாற்றி வைக்கும் பழக்கத்தைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த ஜூனில் அதே வேலையைச் செய்தால் மகள் கல்லூரிக்குப் போகும் வருடத்தில் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

முதலில் அந்த 40,000 தள்ளுபடி. 2,80,000 கூடுதலாக வாங்கினால் 16 சதவீதத்தில் வருடத்துக்கு வட்டி 44,800, இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய 90,000. நாற்பதாயிரத்தை மிச்சம் பிடிக்கத் தொண்ணூறாயிரம் செலவு. மொத்தக் கடன் 6,60,000 ஆகும், மாத வட்டி 8,800. உங்கள் வரவு செலவில் மாதம் 11,000 மிஞ்சுகிறது, அதிலிருந்து 8,800 போனாலும் 2,200 இருக்கும், ஆகவே "சமாளிச்சுடலாம்" என்றுதான் தோன்றும். சிக்கலே இதில்தான். வட்டியைச் சமாளிக்க முடிகிறது என்பதாலேயே ஏழு வருடமாக இந்தக் கடன் உங்களை உறுத்தவில்லை. இரண்டு வருடம் கழித்து மகள் பிளஸ் டூ முடிக்கும்போதும் அந்த 6,60,000 அப்படியே நிற்கும், அப்போதுதான் கல்லூரி அட்மிஷன், ஹாஸ்டல், புத்தகம் என்று உண்மையான செலவு ஆரம்பமாகும், அவசரத்துக்கு வைக்க நகை இருக்காது.

நிதி நிறுவனம் போன் செய்கிறது என்றால் அவர்கள் கணக்கு அவர்களுக்கு. நகைக்கடன் விதிகளை ரிசர்வ் வங்கி 2025ல் மாற்றி எழுதியது, 2026 ஏப்ரல் முதல் அவை நடைமுறை. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இது அவர்கள் அதிகபட்சம் எவ்வளவு தரலாம் என்பதற்கான வரம்பு, அவ்வளவையும் நீங்கள் வாங்கியாக வேண்டும் என்று எங்கும் இல்லை. கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற வகைக் கடன் என்றால் 12 மாதத்துக்கு மேல் போகாது, வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிப்பார்கள். ஏறிய தங்கம் இறங்கவும் செய்யும். இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டு, இல்லாவிட்டால் ஏலம் என்று நோட்டீஸ் வரும். இன்றைய விலைக்கு நகை முழுவதையும் வைத்து வாங்கியவர்களுக்குத்தான் அது முதலில் வரும்.

இந்த இடத்தில் மையத்தின் கவுன்சிலர் "நகை வேண்டாம் மேடம், ஜீரோ காஸ்ட் இஎம்ஐ போட்டுக்கலாம்" என்று சொல்வார், இன்னும் சொல்லவில்லை என்றால் அடுத்த தடவை போகும்போது சொல்வார். அது ஃபீஸைத் தவணையில் கட்டுவது இல்லை. உங்கள் கணவர் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கடன் போட்டு, பணத்தை மொத்தமாக மையத்துக்குக் கொடுத்துவிடும். மகள் டிசம்பரில் "எனக்கு இது வேண்டாம்மா" என்று நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. ஒன்றிரண்டு தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் அடிபடும். கல்லூரியில் சேரும்போது கல்விக்கடனில் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போடப்போவது அதே அப்பாதான், வங்கி அவர் ஸ்கோரைத்தான் திறந்து பார்க்கும். கோச்சிங்குக்காக எடுத்த கடன் கல்லூரிக் கடனை மறித்துக்கொண்டு நிற்கும். இப்படி மாட்டிக்கொண்டவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

கடன் வாங்கித்தான் தீரவேண்டும் என்றால் கல்லூரிக்கு வாங்குங்கள். அங்கே வழி இருக்கிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போடவேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பதால், மகள் சேரும் கல்லூரி மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டப் பட்டியலில் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டியில் 3 சதவீதம் மானியமும் கிடைக்கலாம். பிளஸ் ஒன் கோச்சிங்குக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது, அதற்கு வாங்குவதெல்லாம் பதினாறு சதவீதக் கடன்தான்.

சரி, கோச்சிங்கை என்ன செய்வது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சனி ஞாயிறு வகுப்பு 65,000. மாதத்துக்கு 5,400. இன்றைய வட்டியைக் கட்டியது போக உங்களுக்கு மிஞ்சுவது 6,000தான். கட்டலாம், ஆனால் மூச்சு முட்டும். அதனால் ஃபீஸைத் தொடுவதற்கு முன் வட்டியைக் குறையுங்கள். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அதே 3,80,000 கடனுக்கு 10 சதவீதத்தை ஒட்டிய வட்டி கிடைத்தால் மாதம் 5,000 கட்டுவது 3,200 ஆகிவிடும். மிச்சம் 1,800 ரூபாய்க்கு மேல், வருடத்துக்கு இருபத்திரண்டாயிரம், அதாவது ஃபீஸில் மூன்றில் ஒரு பங்கு. இத்தனை வருடம் இதைச் செய்யாமல் இருந்ததற்கு அந்த நிறுவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிறது, பத்து நிமிடத்தில் பணம் தருகிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை! நகையை மீட்டு மாற்ற இடையில் ஒரு நாள் பணம் தேவைப்படும், சில வங்கிகள் வேறு இடத்தில் உள்ள நகைக்கடனைத் தாங்களே அடைத்து எடுத்துக்கொள்கின்றன, அதை முதலில் விசாரியுங்கள்.

புதிதாக வைக்கும்போது 14 பவுனையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள், மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஒரே ரசீதாக இருந்தால் மொத்தத்தையும் அடைத்தால்தான் வளையல் வெளியே வரும், யாரும் அடைப்பதில்லை. சின்ன ரசீதாக இருந்தால் தீபாவளி போனஸில் ஒன்றை முடித்துவிடலாம். கணவரின் போனஸ் இதுவரை எங்கே போனது என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை, இனிமேல் வருவதாவது அந்தச் சின்ன ரசீதுக்குப் போகட்டும்.

அப்புறம் பிளஸ் ஒன் விஷயமாக ஒன்று. இரண்டு வருடத்துக்கும் முன்பணம் கட்டுவது எப்போதுமே தப்பு என்பேன், முதல் வருடத்தில் பிள்ளைகள் மாறுவதுபோல் எப்போதும் மாறுவதில்லை. பத்தாம் வகுப்பில் 90க்கு மேல் எடுத்த பிள்ளை பிளஸ் ஒன் இயற்பியல் காலாண்டுத் தேர்வில் 50 எடுத்துக்கொண்டு வந்து நிற்பது சாதாரணம், அதில் பயப்பட ஒன்றுமில்லை, பாடம் அவ்வளவு தூரம் தாவுகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் இல்லை, ஆக மகள் எங்கே நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரியப்போவது பள்ளியின் காலாண்டு, அரையாண்டு விடைத்தாளில்தான். நீட்டில் 720 மதிப்பெண்ணுக்குப் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடமும் வருகிறது, இதனால் பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டித் தள்ளிவிட்டு பிளஸ் டூவுக்குத் தாவும் பள்ளியாக இருந்தால் நீங்கள் போய்க் கேட்கவேண்டும். அதற்குப் பணச் செலவு இல்லை.

இன்னொன்று, மகள் எடுத்திருக்கும் பிரிவில் கணிதமும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கட்-ஆஃப். அவளுக்கு அந்தக் கதவும் திறந்துதான் இருக்கிறது, நாளைக்கு அவளே அந்தப் பக்கம் திரும்பலாம். திரும்பினால், கட்டிய 2,80,000ஐ மையத்திடம் திரும்ப வாங்கும் வேலை உங்கள் தலையில். படிப்பை இடையில் விட்டால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தரவேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது, ஆனால் வழிகாட்டுதலைக் காட்டிப் பணம் வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். வார இறுதி வகுப்புக்கே ஆனாலும் சேரும்போதே திருப்பித் தரும் விதியை எழுத்தில் கேளுங்கள், முடிந்தால் ஃபீஸை இரண்டு தவணையாக, கடன் நிறுவனம் எதுவும் நடுவில் இல்லாமல் நேராக மையத்துக்கே கட்டுங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

செல்வமகள் கணக்கைத் தொடாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்ததால் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை படிப்புக்கு எடுக்க அனுமதி உண்டு என்பது சரிதான், சேர்க்கைக் கடிதமோ கட்டணச் சீட்டோ காட்டவேண்டும். பத்து வருடத்தில் நீங்கள் போட்ட 1,20,000 இப்போது ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி இருக்கும், பாதி என்றால் தொண்ணூறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல்லூரியில் சேரும் வாரத்தில், கல்விக்கடன் பணம் வங்கியிலிருந்து வருவதற்குள், முதல் தவணை கட்டக் கையில் இருக்கவேண்டிய பணம் அது. மாதம் 1,000 போடுவதையும் நிறுத்தவேண்டாம்.

யூலிப் வேண்டாம். ஐந்து வருடத்துக்குக் கையே வைக்க முடியாத திட்டத்தை, இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் பெயரைச் சொல்லி விற்க வருகிறார் என்றால் அவர் உங்கள் கடிதத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம். குழந்தை படம் போட்ட எந்தத் திட்டத்திலும் முதலில் லாக்-இன் எத்தனை வருடம் என்று பாருங்கள். இப்போது உங்களுக்கு 16 சதவீதக் கடனை அடைப்பதை விட நல்ல முதலீடு எதுவும் கிடையாது, அதை அடைத்தால் கிடைக்கிற பலனை எந்த ஏஜென்டாலும் உறுதியாகத் தர முடியாது.

நாத்தனாரிடம் கணக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவர் மகன் எத்தனாவது முயற்சியில் சேர்ந்தான், அந்தச் செலவை எப்படிச் சமாளித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். "வார இறுதி வகுப்பில் சேர்த்தாச்சு, அரையாண்டு முடியட்டும் பார்க்கலாம்" என்று உங்கள் கணவரை வைத்தே சொல்லவையுங்கள். நீங்கள் சொன்னால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

மகளிடம் மட்டும் எண்களை மறைக்கவேண்டாம். நகை அடகில் இருப்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், விசேஷத்துக்கு அம்மா என்ன போட்டுக்கொண்டு போகிறாள் என்று பிள்ளைகள் பார்க்கத்தான் செய்கிறார்கள். உனக்காக நகையை வைத்தோம் என்று மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். வருடத்துக்கு 65,000 கட்ட முடியும், அதற்குள் என்னென்ன வேண்டும் என்று நீயே சொல் என்று கேளுங்கள்.

இந்த வாரமே அடகு ரசீதை எடுத்துக்கொண்டு வங்கிக்கும் கூட்டுறவு வங்கிக்கும் போய் வட்டி, மதிப்பீட்டுக் கட்டணம், கடனை மாற்றிக்கொள்ளும் வசதி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மையத்தின் தள்ளுபடித் தேதி போனால் போகட்டும், அடுத்த மாதமும் ஏதாவது ஒரு பெயரில் தள்ளுபடி வைத்திருப்பார்கள்.