கம் சோதனையில் தேறிய பெட்ரோல், அப்புறமும் இன்ஜெக்டர் அடைப்பு

லேப் சோதனையில் தேறிய பெட்ரோலைப் போட்டும் காரின் இன்ஜெக்டர் ஏன் அடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லேப் ரிப்போர்ட்டில் கம் (பெட்ரோல் ஆவியானபின் மிஞ்சும் பிசின்) அளவு சரியாக இருந்தாலும் அந்த பெட்ரோல் இன்ஜெக்டரில் (இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தூவும் கருவி) படியலாம். கம் சோதனையில் 50 மில்லி பெட்ரோலைச் சூடான காற்றில் ஆவியாக்கி, மிச்சத்தை எடைபோடுவார்கள், அவ்வளவுதான். இன்ஜெக்டருக்கென்றே இருக்கும் ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) டி5598 சோதனை வேறு மாதிரி: காரை 15 நிமிடம் ஓட்டி, 45 நிமிடம் அணைத்துப் போட்டு, இப்படியே சுமார் 16,000 கிலோமீட்டர். படிவு பெரும்பாலும் அணைத்துப் போட்ட நேரத்தில்தான் உருவாகிறது. இன்ஜின் சூட்டில், நுனியில் தங்கிய பெட்ரோல் பிசினாகி அரக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

திருப்பூருக்குள் சாயப்பட்டறை, பிரிண்டிங், பேங்க் என்று பத்து பத்து நிமிட ஓட்டம், இடையில் வெயிலில் நிறுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

உடனே கிளீனிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி, சோதனை பெஞ்சில் மாட்டி, ஒரே அழுத்தத்தில் ஒரே நேரம் ஓடவிட்டு, கண்ணாடிக் குழாயில் விழும் அளவை எழுதி வாங்குங்கள். கிளீன் செய்தபின் மறுபடியும் அதேபோல் அளந்து எழுதி வாங்குங்கள். ஏதாவது ஒன்றில் 5 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் படிவுதான். இல்லையென்றால் பிளக், காயில் பக்கம் பாருங்கள்.

ஒன்று: ஜிடிஐ (பெட்ரோலை நேராக எரியும் அறைக்குள் தூவும்) இன்ஜின் என்றால், அணைத்துப் போட்ட நேரத்தில்தான் படியும் என்ற கணக்கு பொருந்தாது. அதில் இன்ஜெக்டர் நுனி எரியும் அறைக்குள்ளேயே இருப்பதால், ஓடும்போதே படியும்.