ஆமை வராத நாளையும் எழுதுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. உவரிக்குத் தெற்கே கடற்கரை ஊர். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எட்டுப் பேர் எங்கள் கரையைத் தொடர்ந்து கவனித்து எழுதிவைக்க வேண்டும் என்கிறார்கள். ஆமை, பறவை, மணல் அரிப்பு, குப்பை, வந்துபோகும் கூட்டம் எல்லாமே அவர்கள் பட்டியலில் இருக்கிறது. எப்படித் தொடங்குவது? அனுமதி வாங்க வேண்டுமா?

பட்டியலில் ஒவ்வொன்றையும் சுருக்கிக்கொள்ளுங்கள் டீச்சர். ஆர்வத்தில் முதல் மாதம் எல்லாவற்றையும் எழுதுவார்கள். பரீட்சை வந்ததும் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். ஒரு கிலோமீட்டர் கரை, வாரம் ஒரு நாள், விடிந்த அரை மணிக்குள். இது போதும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் அலை தொடாத எதுவாகவாவது இருக்கட்டும்: குருசடி, மின்கம்பம், பனை. ‘வள்ளம் கிடக்கும் இடத்திலிருந்து’ என்று எழுதினால் அடுத்த வாரம் வள்ளம் அங்கே இருக்காது.

ஒன்றும் பார்க்காத நாளில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் கசக்கும். பத்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எழுதியிருந்தால், மற்ற எட்டு நாள் ஆமை வரவில்லையா, ஆளே போகவில்லையா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

நம் கரையில் ஏறுவது பெரும்பாலும் பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை இரவில் ஏறி, நூறு முட்டைக்கு முன்பின்னாக இட்டுவிட்டுப் போகும். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள். விடியற்காலையில் தடத்தைப் பார்த்தே இனம் சொல்லலாம். இடது வலது துடுப்பு மாறி மாறிப் பதிந்திருந்தால் பங்குனி ஆமை; இரண்டு பக்கமும் நேருக்கு நேர் பதிந்து, தடமும் அகலமாக இருந்தால் பேராமை. ஒரு செருப்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். குழியைத் தோண்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமைகள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. முட்டையை எடுப்பதும் பொரிப்பகத்துக்கு மாற்றுவதும் வனத்துறையின் வேலை. தகவல் சொல்வது உங்கள் வேலை. குழி இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம், முட்டைக்கு அலைகிறவர்களும் ஸ்டேட்டஸ் பார்ப்பார்கள்.

செத்து ஒதுங்கும் ஆமையில்தான் எங்கள் குழு முதல் வருஷம் ஏமாந்தது. ஒரே ஆமையை மூன்று இடத்தில் மூன்று பேர் எண்ணி, மூன்று என்று எழுதிவிட்டோம். அலை அதைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. அப்புறம்தான் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு ஓட்டில் பெயின்ட் அடையாளம் போடத் தொடங்கினோம். திமிங்கலமோ ஓங்கிலோ (டால்பின்) உயிரோடு ஒதுங்கினால் கதை வேறு. 2016 ஜனவரியில் மணப்பாட்டை ஒட்டிய கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் இழுத்துவிட்டும் பல திரும்பி வந்தன. 40க்கும் மேல் செத்தன. அப்படி ஒரு நாள் வந்தால் நோட்டை மூடிவிட்டு முதலில் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

மணல் அரிப்புக்குக் கருவி வாங்க வேண்டாம். ஐந்தடிக் கம்பு இரண்டு, ஆறடிக் கயிறு ஒன்று. கம்புகளில் அங்குலக் கோடு போட்டு, கயிற்றின் நீளத்துக்கு ஒன்றைக் கரைப்பக்கமும் ஒன்றைக் கடல்பக்கமும் செங்குத்தாக நிறுத்துங்கள். கரைப்பக்கம் நிற்பவர் கடல்பக்கக் கம்பின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். அந்தக் கோடு தன் கம்பில் உச்சியிலிருந்து எத்தனை அங்குலம் கீழே விழுகிறதோ, ஆறடியில் மணல் அவ்வளவு இறங்கியிருக்கிறது. இப்படியே தண்ணீர் வரை நகர்ந்துகொண்டே போகலாம். மாதம் ஒரு தடவை, அமாவாசையை ஒட்டி ஒரே நாளாக வைத்துக்கொண்டால் ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) குழப்பாது. ஆனி ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றுக்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்கை ஒன்றன்மேல் ஒன்று வரைந்து பாருங்கள்.

உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் ஓலைப்பெட்டியில் கடல் மண் சுமந்து குவிப்பார்கள் அல்லவா, அந்தப் பக்கம் அளக்காதீர்கள். அது நேர்ச்சை மண், கடல் போட்டதில்லை.

குப்பைக்கு 100 மீட்டர் மட்டும். வலைத்துண்டைத் தனியாக எண்ணுங்கள். பறவையில் உப்புக்கொத்தி, உள்ளான், ஆலா, கடற்காகம் என்று நான்கு கூட்டமாகப் பிரித்தாலே முதல் வருஷத்துக்குப் போதும்.

கூட்டத்தை எண்ணுவதில் ஒரு எச்சரிக்கை. ஞாயிறு மாலை 5 மணிக்கு ஒரே இடத்தில் நின்று தலையை எண்ணுங்கள், முகத்தைப் படம் எடுக்காதீர்கள். வைகாசி விசாகம், அந்தோணியார் திருவிழா மாதிரி நாட்களில் 50 மீட்டரில் நிற்பவர்களை எண்ணிக் கரையின் நீளத்துக்குப் பெருக்கிக்கொள்ளலாம். குப்பை போடுகிறவர்களிடம் சண்டைக்குப் போகும் பையனுக்கு எண்ணும் வேலை கொடுக்காதீர்கள், கம்பு பிடிக்கச் சொல்லுங்கள். கரையில் நின்று கரைமடி வலை இழுப்பவர்களும் வலைக் கிழிசலைப் பொத்துபவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் நாம்தான் நுழைகிறோம்.

காற்றே இல்லாமல் கடல் திடீரென்று ஏறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே வெகுதூரத்துப் புயலில் எழுந்த அலை அது. 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கொண்டுபோனதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் எச்சரிக்கை விட்டால் அன்று யாரும் போக வேண்டாம். அந்த வாரக் கட்டத்தில் காரணத்தை எழுதினால் போதும். கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, கடலில் ஆபத்து என்றால் 1554. நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

அனுமதி கேட்டீர்கள். பொதுக்கரையில் நடந்து, பார்த்து, எழுத எதுவும் தேவையில்லை. உயிரினத்தைத் தொட, எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். டிரோன் வேண்டவே வேண்டாம், கூடங்குளம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஊர்க் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோட்டு தங்களுக்கு எதிராக எழுதப்படும் புகார் என்று மீனவர்கள் ஒரு தடவை நினைத்துவிட்டால் தீர்ந்தது. மாதம் ஒரு முறை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘அன்னைக்கு நீவாடு (நீரோட்டம்) மாறிக் கெடந்துச்சே’ என்று அவர்கள் சொல்வதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேனா வேண்டாம், உப்புக்காற்றில் மை ஊறும், பென்சில்தான் சரி. கார்த்திகை கடைசியில் தொடங்கினால், தையில் ஆமை ஏறும்போது பிள்ளைகளுக்கு அந்த ஒரு கிலோமீட்டர் பழகியிருக்கும்.